கைமாறி வந்த எக்செல் கோப்பை நம்புவதற்கு முன்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கும் பணவரவு மதிப்பீட்டு எக்செல் கோப்பு இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. அதை உருவாக்கியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மொத்தம் 14 ஷீட்கள். எவ்வளவு கடன் வாங்குவது என்பதை அடுத்த வாரம் இதை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறார்கள். திறந்து பார்த்தேன், எங்கும் பிழைச் செய்தி இல்லை, கூட்டுத்தொகைகளும் பொருந்துகின்றன. இவ்வளவு பார்த்தால் போதுமா? ஒவ்வொரு செல்லையும் பார்க்க நேரமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: போதாது. பிழைச் செய்தி காட்டும் செல்லால் பெரிய கேடு வருவதில்லை. அது கண்ணில் பட்டுவிடும், யாராவது திருத்திவிடுவார்கள். நம்பும்படியான ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் செல்தான் ஆபத்தானது. கூட்டுத்தொகைகள் பொருந்துவதும் பெரிய சான்று இல்லை. ஒப்பிடும் இரண்டு தொகைகளுமே ஒரே தவறான செல் எல்லையிலிருந்து கூட்டப்பட்டிருந்தால் இரண்டும் அழகாகப் பொருந்தும்.

இதற்கு உலகமறிந்த உதாரணம் ஒன்று உண்டு. அரசுக் கடனுக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு பல நாடுகளின் விவாதங்களில் மேற்கோள் காட்டப்பட்டது. 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களின் மூலக் கோப்பையே கேட்டு வாங்கித் திறந்து பார்த்தார். சராசரி எடுக்கும் ஃபார்முலா 49ஆம் வரிசை வரை போகாமல் 44ஆம் வரிசையிலேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கில் சேரவில்லை. அந்த ஆய்வின் முடிவு மாறியதற்குப் பெரும் காரணம் தரவைத் தேர்ந்த முறையும் எடையிட்ட முறையும்தான், எல்லைத் தவறின் பங்கு அவற்றைவிடச் சிறியது. ஆனால் நமக்கு வேண்டிய பாடம் இது: அச்சில் வந்த எண்ணைப் படித்தவர்கள் யாருக்கும் அந்தத் தவறு தெரியவில்லை. கோப்பைத் திறந்து ஃபார்முலாவைப் படித்தவருக்குத்தான் தெரிந்தது.

உங்கள் கோப்பில் எதையும் தொடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துத் தேதியிட்டுச் சேமியுங்கள். மூலக்கோப்பை அப்படியே விட்டுவிடுங்கள். கடன் தொகையைத் தரும் கடைசி எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கன்ட்ரோல், ஆல்ட், எஃப்9 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கோப்பு முழுவதும் மீண்டும் கணக்கிடப்படும். கடைசி எண் மாறினால், இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தது பழைய எண் என்று பொருள். யாரோ ஆப்ஷன்ஸில் ஃபார்முலாஸ் பக்கத்தில் கணக்கிடும் முறையை மேனுவலுக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். இந்த அமைப்பு ஒரு கோப்போடு நிற்பதும் இல்லை. முதலில் திறக்கும் கோப்பு எந்த முறையில் இருக்கிறதோ அதே முறை அடுத்துத் திறக்கும் கோப்புகளுக்கும் தொற்றிக்கொள்ளும். அதே ஆப்ஷன்ஸ் பக்கத்தில் இட்டரேட்டிவ் கால்குலேஷன் என்பது டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். டிக் இருந்தால், ஒரு செல் சுற்றி வந்து தன்னையே குறிப்பிட்டாலும் எக்செல் எச்சரிக்காது.

டேட்டா டேபில் எடிட் லிங்க்ஸ் (புதிய பதிப்புகளில் வொர்க்புக் லிங்க்ஸ்) இருக்கும். வேறு கோப்புகளிலிருந்து எண்கள் வருகின்றனவா என்பது அங்கே தெரியும். அந்தக் கோப்பு அழிந்துபோயிருந்தாலும் கடைசியாக வந்த எண் செல்லில் தங்கிவிடும், பார்ப்பதற்கு இன்றைய எண் போலவே இருக்கும். மறைத்து வைத்த ஷீட்களையும் வெளியே கொண்டுவாருங்கள். ஷீட் பெயரை வலது கிளிக் செய்தால் வரும் அன்ஹைட் பட்டியலிலும் தெரியாதபடி மறைக்க முடியும் என்பதால், ஆல்ட், எஃப்11 அழுத்தி விஷுவல் பேசிக் எடிட்டரில் உள்ள ஷீட் பட்டியலோடு ஒப்பிடுவது நல்லது. இவ்வளவும் அரை மணி நேர வேலை.

இனி எங்கிருந்து தொடங்குவது என்ற உங்கள் கேள்வி. முதல் ஷீட்டிலிருந்து தொடங்காதீர்கள். முடிவான எண்ணிலிருந்து பின்னோக்கிப் போங்கள். கடன் தொகை இருக்கும் செல்லில் நின்று கன்ட்ரோலோடு இடது சதுர அடைப்புக்குறியை அழுத்தினால், அந்த ஃபார்முலா எந்தச் செல்களிலிருந்து எண்ணை எடுக்கிறதோ அங்கே போய் நிற்கும். எஃப்5, பிறகு என்டர் அழுத்தினால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பலாம். இப்படிப் பின்னே போகும்போது ஒரு தாளில் ஷீட் பெயர்களை எழுதி, எதிலிருந்து எதற்கு எண் போகிறது என்று அம்புக்குறி போடுங்கள். வரைந்து முடித்ததும் 14 ஷீட்களில் சில, கடைசி எண்ணுக்கு எதையுமே தராமல் நிற்பது தெரியலாம். பழைய அறிக்கை, பாதியில் விட்ட முயற்சி என்று அப்படிச் சேர்ந்தவற்றை இந்த வாரம் ஒதுக்கிவிடலாம். ஒரு எச்சரிக்கை: இன்டைரக்ட், ஆஃப்செட் ஃபார்முலாக்கள் போகிற போக்கில் முகவரியை உருவாக்கிக்கொள்பவை. அவை எண்ணை எடுக்கும் செல்களை இந்த வழியில் முழுமையாகப் பிடிக்க முடியாது. அவற்றைத் தேடிப் பிடித்துத் தனியாகப் படியுங்கள்.

நேரம் போதாது என்ற கவலைக்கும் வழி உண்டு. ஒரு ஷீட்டில் 60 வரிசைகள், 12 மாதங்கள் என்றால் 720 ஃபார்முலாக்கள். ஒழுங்காகக் கட்டிய ஷீட்டில் ஒரு வரிசை முழுக்க ஒரே ஃபார்முலாதான் நகலெடுக்கப்பட்டிருக்கும். எனவே கவனமாகப் படிக்க வேண்டியவை 60தான். மீதி 660உம் அந்த 60இன் உண்மையான நகல்கள்தானா என்பதை எக்செலே சொல்லிவிடும். வரிசையின் முதல் மாத ஃபார்முலாவைப் படித்து, சரி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தச் செல்லில் தொடங்கி வரிசை முழுவதையும் தேர்வு செய்து, கன்ட்ரோலோடு பின்சாய்கோட்டு விசையை அழுத்துங்கள். முதல் செல்லின் ஃபார்முலாவிலிருந்து விலகியவை மட்டும் தேர்வாகி நிற்கும். ஒப்பீடு முதல் செல்லோடு நடப்பதால், அதைப் படிக்காமல் இந்தச் சோதனையைச் செய்வதில் பொருளில்லை. வரிசை முழுக்க ஒரே தவறு இருந்தால் எந்தக் கருவியும் காட்டாது.

விலகிய செல்களில் எண் நேரடியாகத் தட்டப்பட்டிருப்பது மிகவும் கெடுதலானது. மாதக்கடைசியில் வங்கி இருப்போடு பொருந்தவில்லை, அவசரம், யாரோ ஃபார்முலாவின் மேல் எண்ணைத் தட்டிவிட்டார்கள். அந்த மாதம் சரியாக வந்தது. அடுத்த ஆண்டு கோப்பை நகலெடுத்தபோது அந்த எண்ணும் கூடவே வந்துவிட்டது. இவற்றைப் பிடிக்க, கணக்கீட்டுப் பகுதியைத் தேர்வு செய்து எஃப்5 அழுத்தி, ஸ்பெஷல் பொத்தானில் கான்ஸ்டன்ட்ஸ், அதில் நம்பர்ஸ் மட்டும் தேர்ந்தெடுங்கள். கணக்கீட்டுப் பகுதியில் எது தேர்வானாலும் அதற்கு ஒரு விளக்கம் வேண்டும். கோப்பின் நகலை லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் திறந்து கன்ட்ரோல், எஃப்8 அழுத்துவது இன்னும் எளிது. எண்கள் நீலத்திலும் ஃபார்முலாக்கள் பச்சையிலும் தெரியும். பச்சை வயலுக்கு நடுவே ஒரு நீலப் புள்ளி தப்பவே முடியாது.

ஃபார்முலாவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் எண்கள் அடுத்தது. கன்ட்ரோலோடு எஸ்கேப் விசைக்குக் கீழே உள்ள சாய்குறி விசையை அழுத்தினால் எல்லா ஃபார்முலாக்களும் எழுத்தாகத் தெரியும். 1.05 ஆல் பெருக்குவது, கடைசியில் 2,500 கூட்டுவது போன்றவை கண்ணில் பட்டால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த 1.05 மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய விலை உயர்வாக இருக்கலாம். அப்படியானால் அனுமான ஷீட்டில் நீங்கள் எந்த எண்ணை மாற்றினாலும் இந்த வரிசை அசையாது. செல் முகவரியை நகராமல் பூட்டி வைக்கும் டாலர் குறியையும் அப்போதே பாருங்கள். வட்டி விகிதம் பி3இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டாலர் குறி போடாமல் ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் அடுத்த வரிசை பி4ஐத் தேடும். பி4 வெறுமையாக இருந்தால் எக்செல் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். வட்டியே இல்லாத மாதங்கள் இப்படித்தான் உருவாகின்றன.

கூட்டுத்தொகை எல்லைகளுக்கு ஒரு சிறு சோதனை. சம் ஃபார்முலா இருக்கும் செல்லில் எஃப்2 அழுத்தி, வண்ணக் கட்டம் எந்த வரிசையில் தொடங்கி எதில் முடிகிறது என்று பாருங்கள். பட்டியலின் கடைசியில், கூட்டுத்தொகைக்குச் சற்று மேலே புது வரிசை சேர்க்கும்போது எக்செல் சில நேரம் எல்லையைத் தானே நீட்டிக்கொள்ளும், சில நேரம் நீட்டாது. சந்தேகம் இருந்தால் நகலில் கடைசி வரிசையில் உள்ள எண்ணோடு 10,00,000 கூட்டிப் போட்டு, கூட்டுத்தொகை அதே அளவு ஏறுகிறதா என்று பாருங்கள். 20,00,000 ஏறினால் உட்கூட்டுத்தொகையும் சேர்த்து இரண்டு முறை கூட்டப்படுகிறது. மறைத்த வரிசைகளையும் சம் கூட்டிக்கொண்டுதான் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு பெயரைப் பட்டியலில் தேடி அதற்குரிய எண்ணை எடுத்துத் தரும் விலுக்கப் ஃபார்முலா இருக்கும் இடமெல்லாம் நின்று பாருங்கள். நான்காவது உள்ளீட்டை விட்டுவிட்டால், அது தோராயப் பொருத்தம் என்றே எடுத்துக்கொள்ளும். பட்டியல் ஏறுவரிசையில் இல்லையென்றால் வேறொரு வாடிக்கையாளரின் எண்ணைக் கொண்டுவந்து நிறுத்தும், பிழை காட்டாது. நான்காவது உள்ளீடு ஃபால்ஸ் அல்லது 0 ஆக இருக்க வேண்டும். மூன்றாவது உள்ளீடு நெடுவரிசையின் எண் என்பதால், நடுவில் யாராவது ஒரு நெடுவரிசையைச் சேர்த்திருந்தால் அது பக்கத்து நெடுவரிசையை எடுக்கும். இதைவிட அஞ்ச வேண்டியது, வெளியே இஃப்எரர் போட்டு, கிடைக்காவிட்டால் 0 என்று எழுதி வைத்திருப்பது. பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி கூடுதலாக இருந்தாலே பொருந்தாது. அந்த வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டிய தொகை முழுவதும் பூஜ்யமாகிவிடும். தேடப்படும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், மூன்றாவது உள்ளீடு 0 வைத்த மேட்ச் ஃபார்முலா ஒன்றைப் போடுங்கள். எத்தனை இடத்தில் பிழை வருகிறதோ அத்தனை பேர் இப்போது காணாமல் போயிருக்கிறார்கள்.

வெளியிலிருந்து வந்து ஒட்டப்படும் தரவில் வேறு வகைத் தவறுகள் நடக்கும். எழுத்து வடிவில் வந்த எண்ணை சம் கண்டுகொள்ளாது, ஆனால் கூட்டல் குறியால் கூட்டினால் எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஒரே தரவு இரண்டு விடை தருவது இதனால்தான். ஒரு நெடுவரிசையில், எண்களை மட்டும் எண்ணும் கவுன்ட் தரும் எண்ணும், வெறுமையில்லாத எல்லாச் செல்களையும் எண்ணும் கவுன்ட்ஏ தரும் எண்ணும் தலைப்பைக் கழித்த பின் சமமாக இல்லையென்றால் எண்ணல்லாத ஏதோ இருக்கிறது. தேதிகளில் இன்னும் கவனம் தேவை. நாள், மாதம் என்று எழுதிய தரவை, மாதம், நாள் என்று படிக்கும் கணினியில் ஒட்டினால் 12 வரையிலான நாள்கள் சத்தமில்லாமல் இடம் மாறிவிடும், 13 முதலானவை எழுத்தாகவே நின்றுவிடும். நாள் எண் எதுவும் 12ஐத் தாண்டாத நெடுவரிசையைப் பார்த்தால் உடனே சந்தேகப்படுங்கள். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்களில் 16ஆம் இலக்கம் முதல் பூஜ்யமாகிவிடும். கணக்கு எண்களை எழுத்து வடிவில்தான் வைக்க வேண்டும். எக்செல் தன் போக்கில் தேதியாக மாற்றிவிடும் பழக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றால், செப்ட்1, மார்ச்1 என்ற மரபணுப் பெயர்களைத் தேதியாக்கிவிடுகிறது என்பதற்காக மனித மரபணுப் பெயரிடும் குழு அவற்றின் பெயர்களையே மாற்றியது.

ஒவ்வொரு கைமாற்றத்திலும் வரிசை எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் இரு முனையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 2020 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தில் கொரோனா தொற்றாளர் விவரங்கள் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பில் போய்க்கொண்டிருந்தன. அந்த வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் தாங்காது. நிரம்பியபின் வந்தவை விழுந்துபோனதில் 15,841 பேர் தினசரிக் கணக்கில் உரிய நேரத்தில் சேரவில்லை. இரு முனையிலும் வரிசைகளை எண்ணியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஃபார்முலாக்களைப் படித்து முடித்ததும் கோப்பை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓர் உள்ளீட்டை மாற்றுவதற்கு முன், விடை எவ்வளவு மாற வேண்டும் என்று தாளில் எழுதிவிடுங்கள். மாற்றிய பிறகு எழுதினால் மனம் விடைக்கு ஏற்பக் காரணம் தேடும். விற்பனை முழுவதையும் பூஜ்யமாக்குங்கள். பழைய பாக்கி வசூலைத் தவிர வேறு வரவு எதுவும் மிஞ்சக் கூடாது. விற்பனையை இரட்டிப்பாக்குங்கள். அதைச் சார்ந்த வரவுகள் சரியாக இரண்டு மடங்காக வேண்டும். வசூலை ஒரு மாதம் தள்ளிப் போட்டால் எந்த மாதத்தின் இருப்பு எவ்வளவு குறைய வேண்டும்? ஏதாவது ஒரு மாதத்தை மட்டும், கோப்பை மூடிவிட்டு, கால்குலேட்டரில் முழுவதும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மாதத் தொடக்க இருப்பும் முந்தைய மாத இறுதி இருப்போடு பொருந்துகிறதா என்று கழித்துப் பார்க்க ஒரு வரிசை சேருங்கள். அதில் பூஜ்யத்துக்குச் சமமா என்று கேட்காமல், வித்தியாசம் 0.005க்குக் குறைவா என்று கேளுங்கள். தசம எண்களைக் கணினி சேமிக்கும் முறையால் துளி வித்தியாசம் வருவது இயல்பு.

உங்கள் கோப்பு கடனைப் பற்றியது என்பதால் வட்டியைத் தனியாகப் பாருங்கள். ஆண்டுக்கு 12 சதவீதம் என்பதை 12ஆல் வகுத்து மாதம் 1 சதவீதம் என்று போட்டு, அது மாதாமாதம் அசலில் சேர்ந்தால் ஆண்டு முடிவில் 12.68 சதவீதமாகும். உண்மையிலேயே ஆண்டுக்கு 12 மட்டும் என்றால் மாத விகிதம் 0.949 சதவீதம். இரண்டில் எது சரி என்பது கடன் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஷீட்டும் ஒப்பந்தமும் ஒரே முறையில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. வருங்காலத் தொகைகளின் இன்றைய மதிப்பைக் கணக்கிடும் என்பிவி ஃபார்முலா இருந்தால், அது முதல் தொகையே ஒரு காலகட்டத்தின் முடிவில் வருவதாக எடுத்துக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். இன்று கையிலிருந்து போகும் தொகையை அதற்குள் வைத்தால் அதுவும் ஒரு காலகட்டம் தள்ளுபடி ஆகிவிடும்.

பார்க்கும்போதே திருத்தாதீர்கள். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். தனி ஷீட்டில் செல் முகவரி, கண்டது என்ன, கடைசி எண்ணை எவ்வளவு மாற்றும் என்று எழுதிக்கொண்டே போங்கள். எல்லாம் பார்த்தபின் ஒவ்வொன்றாகத் திருத்தி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னும் பின்னும் கடைசி எண்ணைக் குறியுங்கள். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டிருப்பது உண்டு. ஒன்றைத் திருத்தியதும் விடை முன்பைவிட மோசமாகத் தெரியும், “பழையதே சரி” என்று யாராவது சொல்வார்கள். பட்டியல் கையில் இருந்தால் பதில் சொல்லலாம்.

இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் பட்டியலைக் காட்டாமல். இத்தகைய ஷீட்களில் வரும் பிழைகளை ஆராய்ந்த ரேமண்ட் பாங்கோ, வேண்டுமென்றே பிழைகள் வைத்த ஷீட்டை ஆட்களிடம் கொடுத்துச் சோதித்தபோது தனியாகப் பார்த்தவர்கள் 63 சதவீதப் பிழைகளைப் பிடித்தார்கள், மூவர் குழுக்கள் 83 சதவீதம் பிடித்தன. கவனமாகப் பார்ப்பவருக்கும் கணிசமான பிழைகள் தப்பும் என்பதே இதில் கவனிக்க வேண்டியது. இருவரும் தனித்தனியாகக் கண்டவற்றை ஒப்பிடுங்கள். இருவர் பட்டியலிலும் பொதுவானவை மிகக் குறைவாக இருந்தால், இருவருக்கும் தப்பியவை இன்னும் நிறைய இருக்கின்றன என்று கொள்ளலாம்.

ஃபார்முலா ஒன்றுகூடத் தவறில்லாமல் இருந்தும் விடை தவறாகும் இடம் ஒன்று உண்டு. கடன் தேவையை, மாத இறுதி இருப்புகளில் மிகக் குறைந்ததை எடுத்துத்தான் கோப்பு சொல்கிறது என்று நினைக்கிறேன். சம்பளம் 1ஆம் தேதி போய், வசூல் 20ஆம் தேதிக்கு மேல் வந்தால், மாத இறுதியில் இருப்பு நன்றாகத் தெரியும், நடுவில் பள்ளம் இருக்கும். இருப்பு மிகக் குறைவாக உள்ள இரண்டு மாதங்களை மட்டும் வாரவாரியாகப் பிரித்துப் போட்டுப் பாருங்கள்.

முதல் 60 ஃபார்முலாக்களிலேயே கடைசி எண்ணை மாற்றும் தவறுகள் மூன்று, நான்கு கிடைத்துவிட்டால் ஒட்டுப்போடுவதை நிறுத்துங்கள். அனுமானங்களை மட்டும் எடுத்து, வரவு, செலவு, இருப்பு என்று ஒரே பக்கத்தில் புதிதாகக் கட்டுவது ஒன்றிரண்டு நாள் வேலை. வேலையை விட்டுப் போனவரை அழைக்க முடிந்தால், பொதுவாக “கோப்பு எப்படி வேலை செய்கிறது” என்று கேட்காமல், நீங்கள் கண்டுபிடித்த தட்டப்பட்ட எண்களின் முகவரிகளை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

கூட்டத்துக்கு எண்ணோடு ஒரு பக்கக் குறிப்பும் போகட்டும். எந்தெந்த ஷீட்களைப் பார்த்தீர்கள், எவற்றைப் பார்க்கவில்லை, என்ன திருத்தினீர்கள், திருத்தத்துக்கு முன் எண் எவ்வளவு, பின் எவ்வளவு. கூடவே, வசூல் 15 நாள் தாமதமானால் கடன் தொகை எவ்வளவாகும், விற்பனை 10 சதவீதம் குறைந்தால் எவ்வளவாகும் என்ற இரண்டு எண்கள். முடிவெடுப்பவர்கள் அந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.